பிரதேச சபையில் கிடைத்த ஒதுக்கீடு நாடாளுமன்றத்துக்கும் உண்டா?

கேள்வி: யாழ்ப்பாண மாவட்டத்தில் பிரதேச சபை உறுப்பினராக இருக்கிறேன். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் பட்டியல் வழியாகத் தெரிவானேன். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும்படி கட்சியில் கேட்கிறார்கள். அங்கும் ஒதுக்கீடு கைகொடுக்குமா?

பதில்: கைகொடுக்காது. இலங்கை நாடாளுமன்றத்தில் பெண்களுக்கென ஓர் ஆசனம்கூட ஒதுக்கப்படவில்லை. உள்ளூராட்சியில் நிலைமை வேறு. 2016, 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டங்களின்படி, வட்டாரங்களில் வென்ற பெண்கள் போதாவிட்டால் மீதியைப் பட்டியலிலிருந்து நிரப்பும் கடமை பொதுவாகக் கட்சிகளுக்கு உண்டு. இரண்டு வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண்களின் பங்கு 2018இல் இருபது வீதத்தைத் தாண்டியது அதனால்தான். நாடாளுமன்றத்திலோ, 2024 தேர்தலுக்குப் பிறகும் 225 பேரில் பெண்கள் பத்து வீதத்தைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களும் ஆண்களுக்கே போயின.

நேபாளத்தைப் பாருங்கள். 2022இல் 165 நேரடித் தொகுதிகளில் வென்ற பெண்கள் ஒன்பதே பேர். ஆனாலும் அவையில் மூன்றிலொரு பங்கு பெண்கள். குறைந்ததை விகிதாசாரப் பட்டியலிலிருந்து நிரப்பும்படி அங்கே சட்டம் இருக்கிறது.

இனி உங்கள் களம். ஒரு கட்சி, மாவட்டத்துக்குரிய ஆசனங்களைவிட மூன்று பேரைக் கூடுதலாக நிறுத்தவேண்டும். ஆறு ஆசனம் என்றால் ஒன்பது பேர். அந்த ஒன்பதை நிரப்பவே சில கட்சிகளுக்குக் கடைசி நேரத்தில் பெண்களின் நினைவு வருகிறது. அழைப்பு எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பேரம் பேசிப் பயனில்லை. கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தால், அதிக விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்கு வாக்களிப்பவர் அதன் வேட்பாளருக்குத் தனியாக இடும் வாக்கு, பெற்றவரே போவார். ஆகவே உங்களுக்கு உண்மையான போட்டி அதே பட்டியலில் உள்ள எட்டுப் பேர்தான். நல்லவேளையாக, ஒரு வாக்காளர் மூன்று பேர்வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். உங்கள் பகுதிக்கு வெளியே செல்வாக்குள்ள இரண்டு வேட்பாளர்களுடன், வேட்புமனுவுக்கு முன்பே உடன்பாடு செய்யுங்கள். அவர்களின் துண்டுப்பிரசுரத்தில் உங்கள் இலக்கமும் உங்களுடையதில் அவர்களின் இலக்கமும் இருக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத கட்சிக்கு நீங்கள் வெறும் எண்ணிக்கைதான்.

நாடு முழுவதும் பெற்ற வாக்குகளின்படி கட்சிகளுக்குப் பகிரப்படும் தேசியப் பட்டியலில் 29 ஆசனங்கள் உண்டு. மாவட்டத்தில் தோற்றவரையும் கட்சி அதன் வழியாக அனுப்பலாம். அப்படி வாக்குக் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றத்தில் அது நிற்கும் என்று சொல்லமாட்டேன். கட்சியின் மத்திய குழுவில் எடுத்துக்காட்ட உதவும்.

செலவையும் மறக்கவேண்டாம். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி, தேர்தல் ஆணைக்குழு விதிக்கும் உச்சவரம்பு உங்களுக்கும் உண்டு. தோற்றாலும் முடிவு வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள் கணக்குக் காட்டவேண்டும். பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.