சீ-பேர்ட் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பாரிஸில் இருக்கும் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, பிரான்சில் பிறந்த ஒரு வயதுப் பந்தயக் குதிரைக்குட்டியில் பங்கு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். குட்டியுடைய தாயின் தகப்பன் பெரிங்கின் மகன். பெரிங்கின் தகப்பன் ஆர்க்டிக் டெர்ன், அதன் தகப்பன் அறுபதுகளின் பிரெஞ்சு சாம்பியன் குதிரை சீ-பேர்ட். “சீ-பேர்ட் ரத்தம், சும்மா இல்லை” என்று சொல்லி விற்பவர் விலையை ஏற்றுகிறார். ஏற்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் குட்டிக்குச் சீ-பேர்ட் ஐந்தாம் தலைமுறை. அந்த வரிசையில் 32 பெயர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பங்கு, சராசரியாகப் பார்த்தால், 3 சதவீதம். மீதி 31 பேரைப் பற்றி விற்பவர் வாய் திறந்தாரா?

பெயர் பெரியதுதான், அதில் சந்தேகமில்லை. 1962இல் பிறந்த சீ-பேர்ட் ஓடியது எட்டே பந்தயம், ஜெயித்தது ஏழு. தோற்ற ஒன்றும், இரண்டு வயதில், தன் லாயத்துக் குதிரையான கிரே டானிடம்தான். 1965இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தில் ஜாக்கி பாட் கிளென்னன் கடைசியில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தும் இரண்டு குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸின் லோங்ஷான் மைதானத்தில் பிரான்சின் மிகப் பெரிய பந்தயமான ஆர்க் த ட்ரியோம்ஃப் (சுருக்கமாக ஆர்க்). பிரெஞ்சு டெர்பி வென்று அதுவரை தோல்வியே காணாத ரிலையன்ஸ், அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயம் வென்ற டாம் ரோல்ஃப், சோவியத் குதிரை அனிலின் என உலகமே திரண்டிருந்தது. கடைசி நேர்ப்பாதையில் சீ-பேர்ட் இடப்பக்கமாக ஒதுங்கி ஓடியும் ரிலையன்ஸை ஆறு நீளம் பின்னே விட்டது. குதிரைகளின் திறனுக்கு மதிப்பெண் போடும் ஆங்கில நிறுவனமான டைம்ஃபார்ம் அதற்குக் கொடுத்த 145 என்ற மதிப்பீட்டை மிஞ்ச, 2012இல் 147 வாங்கிய ஃபிராங்கெல் வரவேண்டியிருந்தது.

ஆனால் பொலிகுதிரையாக, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரையாக, அதன் கணக்கு வேறு. ஓட்டம் முடிந்ததும் உரிமையாளர் ஜான் டெர்னிங்க் அதை அமெரிக்காவுக்குக் குத்தகைக்கு விட்டார். கென்டக்கியில் டார்பி டான் பண்ணையில் சில ஆண்டுகள். பிரான்சுக்குத் திரும்பிய சிறிது காலத்தில், 1973இல், பதினொரு வயதிலேயே குடல் நோயில் இறந்துவிட்டது. இன்றைய பெரிய பொலிகுதிரைகள் ஓர் ஆண்டில் 150 பெட்டைகளைத் தாண்டுகின்றன. அந்தக் காலத்தில் நாற்பது சொச்சம்தான். ஆகவே குட்டிகளே குறைவு.

பிறந்தவற்றில் நல்லவை மிக நல்லவை. அலே பிரான்ஸ் 1974இல் ஆர்க் வென்றாள். லிட்டில் கரன்ட் அதே ஆண்டு பிரீக்னஸும் பெல்மான்ட்டும் வென்றது. ஜிர் 1970 டெர்பியில் நிஜின்ஸ்கிக்கு அடுத்து வந்தது. ஜிரைப் பயிற்றுவிப்பதற்காகவே சீ-பேர்டின் பயிற்சியாளர் எத்தியன் போலே ஓய்வை ஓராண்டு தள்ளிப்போட்டார். எனக்குப் பிடித்தது சீ பிஜியன். 1973 டெர்பியில் ஏழாவதாக வந்து, பிறகு காயடிக்கப்பட்டு, தடை தாண்டும் ஓட்டத்துக்குப் போய், பத்து, பதினொரு வயதில் 1980, 1981 சாம்பியன் ஹர்டிலை வென்ற கிழட்டுச் சிங்கம். ஆனால் காயடித்த குதிரை வம்சத்துக்கு உதவாது. ஆண்வழி பிரான்சில் ஆர்க்டிக் டெர்ன், 1986 பிரெஞ்சு டெர்பி வென்ற பெரிங், 1995இல் இங்கிலாந்தின் ‘2000 கினீஸ்’ என்ற பந்தயத்தை வென்ற பென்னகாம்ப் என்று வந்து, பிறகு மெலிந்துவிட்டது. சீ-பேர்டின் தாத்தா நேட்டிவ் டான்சரின் வம்சமோ இன்னொரு மகன் ரெய்ஸ் எ நேட்டிவ் வழியாக, மிஸ்டர் பிராஸ்பெக்டர் மூலம் உலகெங்கும் படர்ந்திருக்கிறது. புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்பார்கள். எந்தப் புலியின் குட்டி காட்டை ஆளும் என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொன்று. சீ-பேர்டின் தாய் சிக்கலாட் பந்தயம் வென்றவள் அல்ல. மகன் பெயர் எடுப்பதற்குள் அவளை இறைச்சிக்கு விற்றுவிட்டார்கள். காகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் சீ-பேர்டையே யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

வம்சாவளித் தாளை மேலிருந்து படிக்காதீர்கள், கீழிருந்து படியுங்கள். முதலில் தாய், பிறகு அவளுடைய மற்ற குட்டிகள், பிறகு பாட்டி. ஏலப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் வரும் பெயர்கள் தரமான பந்தயங்களில் ஜெயித்தவை அல்லது இடம் பிடித்தவை. அவை முதல் இரண்டு தாய்மாரின், அதாவது தாய், பாட்டியின் கீழ் இருந்தால்தான் விலை பேசலாம். அப்புறம் குட்டியை நடக்கவிட்டுப் பாருங்கள். விற்பவர் காட்டும் மருத்துவர் வேண்டாம். உங்கள் செலவில் ஒருவரை வைத்துக் கால் மூட்டுகளுக்கு எக்ஸ்ரேயும் தொண்டைக்குள் கேமரா சோதனையும் செய்யுங்கள். பங்குதாரர்களாகப் பதிய பிரான்சில் குதிரைப் பந்தயத்தை நிர்வகிக்கும் பிரான்ஸ் காலோப் அமைப்பின் ஒப்புதல் வேண்டும், பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர் மறுபடி சீ-பேர்ட் பேச்சை எடுத்தால், தாய் ஈன்றவை எத்தனை, ஓடியவை எத்தனை, ஜெயித்தவை எத்தனை என்று இந்த மூன்று எண்களை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.