தெரியாமலா வச்சேன்?

அன்புள்ள சார்,
பி.ஏ. பொருளாதாரம் இறுதியாண்டு படிக்கிறேன். பொய்யென்று நிரூபிக்க வழியில்லாத கோட்பாடு அறிவியல் அல்ல என்கிறார் தத்துவவாதி கார்ல் பாப்பர். பொருளாதாரக் கணிப்பு தவறினாலோ 'மற்றவை மாறாதிருந்தால்' என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். இது அறிவியலா? நோபல்கூட தருகிறார்களே. எம்.ஏ. சேரலாமா?
– ஒரு மாணவர், கருங்கல்

அன்புள்ள தம்பி,

நோபலை விடுங்கள். அது நோபலின் உயிலில் இல்லாத பரிசு, ஸ்வீடன் மத்திய வங்கி ஏற்படுத்தி 1969 முதல் தரப்படுவது. பாப்பரைப் புத்தகத்தில் படித்தீர்களா, பத்து நிமிட வீடியோவிலா? வீடியோ என்றுதான் படுகிறது. இயற்பியலில்கூட எந்தக் கருதுகோளும் தனியாளாகச் சோதனைக்கு வருவதில்லை, கூடவே வேறு அனுமானங்களும் வரும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் டியூஹெம் 1906லேயே எழுதிவிட்டார். அதனால் பொருளாதாரத்தை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அனுமானங்கள் நிஜத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, கணிப்பு பலித்தால் போதும் என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1953ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். படித்தபோது எனக்கும் சரியென்றே பட்டது. அதைக் கெடுத்தது குலசேகரத்திலிருக்கும் என் மாமா.

2011ல் ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, விளையில் நின்ற தென்னைகளை வெட்டிவிட்டு ரப்பர் வைத்தார். பால் வெட்ட ஏழு வருஷம். 2018ல் மரத்தில் கத்தி வைக்கும்போது விலை ஏறக்குறைய பாதி. பொருளாதார அறிஞர் கால்டோர் 1934ல் 'சிலந்திவலை' என்று பெயர் வைத்த கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: இன்றைய விலை நிலைக்கும் என்று நம்பி எல்லோரும் நடுவார்கள், விளைச்சல் வரும்போது விலை விழும். (மாமா தனியாளாக விலையைச் சாய்க்கவில்லை, தாய்லாந்திலும் வியட்நாமிலும் அப்போது நட்டுத் தள்ளினார்கள்.)

நான் மேதாவியாக இதை அவரிடமே விளக்கினேன். மரத்தில் உறைந்த ஒட்டுபாலைச் சாக்கில் திணித்துக்கொண்டே கேட்டார்: "லேய், வில எறங்கும்னு தெரியாமலா வச்சேன்? தேங்கா பறிக்க ஆளு எங்க இருக்கு?"

கோட்பாட்டின் கணிப்பு பலித்தது, அது சொன்ன காரணம் தப்பு. ஃப்ரீட்மன் கணக்கில் மாமா சொன்னது வேண்டாத தகவல். ஆனால் அந்தக் காரணத்தை நம்பி ஒரு அதிகாரி, விவசாயிக்கு விலை நிலவரம் தெரியவில்லை, தினமும் போனில் அனுப்புவோம் என்று திட்டம் போட்டால் மாமாவுக்கு என்ன பயன்? அவருக்கு வேண்டியது தென்னை ஏற ஒரு ஆள். பலித்த கணிப்பை வைத்துக்கொண்டு தப்பான மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நீங்கள் போவீர்களா? பாப்பரை வைத்து நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதை.

எம்.ஏ.வா? சேருங்கள், அதற்கு என்னிடம் கேட்பானேன். மாமா போன மாதம் கிணற்றடியில் நாலு தென்னங்கன்று வைத்திருக்கிறார். ஏன் என்று இன்னும் கேட்கவில்லை.