மேடை வந்தது, பாவ அறிக்கை போனது

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் திருகோணமலையில் ஒரு சிறிய லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் 83க்குப் பிறகு நுவரெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். ஞானப்பாட்டும் ஞானோபதேசமும் அவர்களோடு வந்தவை. போன வருடம் வந்த இளம் போதகர் ஆராதனையையே மாற்றிவிட்டார். பீடத்தை மறைத்து ஒரு மேடை, ட்ரம்ஸ், கலர் லைட், திரையில் பாட்டு வரிகள். பாட்டு மட்டும் நாற்பது நிமிடம். நேரம் போதவில்லை என்று பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் விட்டுவிட்டார். மாதம் இரண்டு முறை இருந்த திருவிருந்து இப்போது எப்போதாவதுதான். கேட்டால், “லூத்தரே சாராயக் கடை மெட்டில்தான் பாட்டு எழுதினார். இப்படிச் செய்யாவிட்டால் பிள்ளைகள் வேறு சபைகளுக்குப் போய்விடுவார்கள்” என்கிறார். ஒரு ஞாயிறு நடுப்பாட்டில் கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்ற பிறகுதான் தெரிந்தது, கீழே இருந்த ஒருவரும் பாடிக்கொண்டிருக்கவில்லை. சத்தம் தாங்காமல் அம்மா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கீபோட் வாசிப்பது என் பெறாமகன். “இது பேயாட்டம்” என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு கதைப்பதில்லை. நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவளா? வேறு சபைக்குப் போய்விடலாமா?

- ஒரு வாசகி, திருகோணமலை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் கலந்து கிடக்கின்றன. ட்ரம்ஸ், லைட், திரை, சத்தம் ஒரு பக்கம். பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் விசுவாசப் பிரமாணமும் திருவிருந்தும் ஆராதனையை விட்டுப் போனது மறுபக்கம். முதலாவதைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றி நாலே வரி. என்னைக் கவலைப்பட வைத்தது அந்த நாலு வரிதான்.

முதலில் அந்தச் சாராயக் கடைக் கதையை முடித்துவிடுவோம். பலரும் நம்பிச் சொல்கிற கதை, ஆனால் உண்மை இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் மெட்டுகளில் பெரும்பாலானவை பழைய இலத்தீன் கோயில் பாட்டுகளில் இருந்தும், மக்கள் முன்பே பாடிவந்த பக்திப் பாட்டுகளில் இருந்தும் வந்தவை. சிலவற்றை அவரே அமைத்தார். உலகப் பாட்டின் மெட்டை அவர் எடுத்ததும் உண்டு. பிள்ளைகளுக்காக எழுதிய கிறிஸ்மஸ் பாட்டு ஒன்று 1535இல் அச்சில் வந்தபோது, ஊரில் விளையாட்டாகப் பாடப்பட்ட ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டில்தான் இருந்தது. 1539இல் அந்த மெட்டு நீங்கிப் புது மெட்டு சேர்ந்தது. இன்று உலகம் பாடுவது அந்தப் புது மெட்டை. கதையைச் சொல்கிறவர் இந்த மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும்.

ஆனால் வாத்தியத்துக்கு எதிராக லூத்தரை நீங்களும் துணைக்கு அழைக்க முடியாது. சூரிச் நகரத்துச் சீர்திருத்தக்காரர்கள் ஆராதனையில் இசையையே நிறுத்தினார்கள். 1527இல் அங்கிருந்த பெரிய கோயிலின் ஆர்கனைக் கழற்றியே எடுத்தார்கள். லூத்தர் அந்த வழியில் போகவில்லை. 1526இல் ஜேர்மன் மொழி ஆராதனை முறையை வெளியிட்டபோது, இளையவர்களைப் பயிற்றுவிக்க உதவுமென்றால் எல்லா மணிகளும் அடிக்கட்டும், எல்லா ஆர்கன்களும் வாசிக்கட்டும், சத்தம் எழுப்பக்கூடியதெல்லாம் ஒலிக்கட்டும் என்ற கருத்தில் எழுதினார். ஆகவே ட்ரம்ஸைப் பாவம் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு லூத்தரனுக்கு இடமில்லை. “பேயாட்டம்” என்ற சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். போதகரிடம் போகும் முன் பெறாமகனிடம் போங்கள். “ஆனால்” போட்டு நீட்டாமல், சொன்னது தவறு என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, இனிப் பெரிய விஷயம். லூத்தரன் சபையில் ஞாயிறு ஆராதனை என்றால் முதலில் கடவுள் நமக்குச் செய்வது. அவர் மன்னிக்கிறார், வசனத்தால் பேசுகிறார், தம்முடைய சரீரத்தையும் இரத்தத்தையும் தருகிறார். நம் பாட்டும் ஜெபமும் அதற்கு நாம் கொடுக்கும் மறுமொழி. உங்கள் சபையில் மறுமொழிக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது, கடவுள் தருவதைத் தர நேரமில்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சோறு போடாமல் மேளத்தை மட்டும் வாசித்து அனுப்புவது போல. கடனில் மூழ்கி வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் ஞாயிறு காலை வந்து பின் வாங்கில் உட்கார்கிறான் என்று வையுங்கள். உற்சாகமான பாட்டு அவனைக் கொஞ்ச நேரம் தூக்கிவிடலாம். “உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டன” என்று இன்னொரு வாய் அவனுக்குச் சொல்ல வேண்டும். அதை அவன் தனக்குத் தானே பாடிக்கொள்ள ஏலாது.

லூத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையைப் போதகர் காட்டக்கூடும். சுவிசேஷப் போதனையிலும் ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சாக்கிரமெந்துகளிலும் ஒத்துப்போனால் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. உண்மைதான், மறுக்காதீர்கள். அப்புறம் 24ஆம் பிரிவையும் சேர்ந்து வாசிக்கலாம் என்று சொல்லுங்கள். திருவிருந்து ஆராதனையை நாங்கள் ஒழிக்கவில்லை, வழக்கமான முறைகளை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறோம், மக்களுக்குப் போதிக்கவே ஜேர்மன் பாட்டுகளைச் சேர்த்தோம் என்று அங்கே இருக்கிறது. கவனியுங்கள், பாட்டு வந்தது போதிப்பதற்கு. லூத்தரன்களின் இன்னொரு அறிக்கையான 1577இன் கொன்கோர்ட் அறிக்கை 10ஆம் பிரிவில் இன்னும் நேராகப் பேசுகிறது. கடவுள் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்ற வகை முறைகளைச் சபை மாற்றலாம். ஆனால் விளையாட்டுத்தனமாகவோ, விசுவாசத்தில் பலவீனமானவர்களை இடறப்பண்ணியோ மாற்றக் கூடாது. ஒழுங்குக்கும் சபையின் கண்ணியத்துக்கும் உதவாத வீண் வேடிக்கைகள் அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கவே மாட்டா. கலர் லைட்டைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அது இந்தக் கடைசி வகை.

இந்தச் சண்டை உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1847இல் உருவான லூத்தரன் சபைக் கூட்டமைப்பான மிசூரி சினொட், போதனையில் சுத்தமான பாட்டுப் புத்தகத்தையும் ஆராதனை முறையையும் மட்டுமே பாவிக்க வேண்டும் என்று தன் சபைகளுக்கு விதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் பல பத்தாண்டுகளாக அங்கே ஒரே சண்டை. ஒரு சாரார் பெரிய சுயாதீன சபைகளைப் பார்த்து இசைக்குழுவையும் திரையையும் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தை விடமாட்டோம் என்றார்கள். பல இடங்களில் சமாதானத்துக்காக ஆராதனையை இரண்டாக்கினார்கள். முதியவர்களுக்கு அதிகாலையில் முறைப்படி ஒன்று, இளையவர்களுக்குப் பிறகு இசைக்குழுவோடு ஒன்று. அப்படிச் செய்தால் ஒரே கட்டடத்துக்கு வருகிற தாத்தாவும் பேரனும் ஒரே பந்தியில் முழங்கால் போடாமல் போவார்கள். உங்கள் போதகர் அந்த யோசனையைச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். உங்களுடையது போன்ற சிறிய சபை அதைத் தாங்காது.

“நம்முடைய பழைய பாட்டு” என்று எழுதியிருந்தீர்கள். அதிலும் ஒரு கதை இருக்கிறது. ஜேர்மன் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பிறகு தமிழில் பாடப்பட்ட ஞானப்பாட்டுகள் ஜேர்மன் மெட்டுகளில் இருந்தன. அன்றைய தமிழ்க் காதுக்கு அவை எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! பிறகு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) நம் இராகதாளங்களில் கீர்த்தனைகள் தந்தார். 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையில் இருந்து அகற்றப் பார்த்தபோது அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதே எழுத்தில், கோயிலில் சாதி பார்த்து இருப்பதையும் அவர் காத்துப் பேசினார். பாட்டுக்காக அவர் நின்றதை நான் மதிக்கிறேன். சாதிக்காக நின்றதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். பழையது என்பதால் மட்டும் ஒன்று பரிசுத்தமாகிவிடாது. அந்தக் கீர்த்தனைகளை இன்றும் நாம் பாடுவதற்குக் காரணம், கிறிஸ்து யார், நமக்காக என்ன செய்தார் என்பது சரணத்துக்குச் சரணம் அவற்றில் வருவதுதான்.

புதுப் பாட்டையும் அந்தக் கேள்வியை வைத்தே பாருங்கள். “நான்” என்ற சொல் வருகிறது என்று குறை சொல்லாதீர்கள், 51ஆம் சங்கீதம் முழுக்க “நான்” தானே. பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதி, இசையில்லாமல் மெதுவாக வாசியுங்கள். சிலுவை, உயிர்த்தெழுதல், மன்னிப்பு, ஞானஸ்நானம் ஏதாவது ஒன்று அங்கே இருக்கிறதா? இருந்தால் அந்தப் பாட்டு நிற்கட்டும். ஒரே வரியைப் பதினைந்து தரம் சொல்லி உணர்ச்சியைக் கிளப்புவது மட்டும் இருந்தால், அதைப் பெறாமகனோடு சேர்ந்திருந்தே வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் மடையர்கள் இல்லை, அவர்களுக்கே தெரியும்.

கரண்ட் போன அந்த ஞாயிறு உங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சியம். சபை பாடுவது லூத்தரன் ஆராதனையின் அடையாளம். லூத்தர் 1524லேயே பாட்டுகளை அச்சிட்டு மக்கள் கையில் கொடுக்கத் தொடங்கினார். மேடையில் நால்வர் பாட மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றால், பூசைப் பாட்டைப் பாடகர் குழுவுக்கு விட்டுவிட்டு மக்கள் நின்ற அந்தப் பழைய நிலைமைக்கே திரும்பிவிட்டோம். இதைப் போதகரிடம் கோபமில்லாமல் சொல்லலாம். அன்று அவரும் அதைத் தன் காதால் கேட்டவர்தானே.

ஒரு வார நாள் மாலையில் உங்கள் கணவரோடு போதகர் வீட்டுக்குப் போங்கள். கையெழுத்து வேட்டை வேண்டாம், சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவதும் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகள் போய்விடுவார்கள் என்ற அவருடைய பயம் நியாயமானது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் ஒவ்வொரு ஞாயிறும் வேண்டும், விசுவாசப் பிரமாணம் வேண்டும், திருவிருந்து முன்பிருந்தபடி மாதம் இரண்டு முறையாவது வேண்டும். இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேடையைப் பக்கவாட்டுக்கு நகர்த்திப் பீடம் தெரியும்படி செய்யவும், சத்தத்தைக் குறைக்கவும் கேளுங்கள். ட்ரம்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் அம்மாவுக்கு வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கும்படியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், இந்த விவாதம் முடியும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.

வேறு சபைக்குப் போவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். போதகர் அந்த மூன்றையும் கடைசிவரை மறுத்தால் சபைத் தலைமைக்கு எழுதுங்கள். எழுதும் கடிதத்தின் பிரதியை அவருக்கும் கொடுங்கள், முதுகுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

ஒக்டோபர் 31ஐ ஒட்டிச் சீர்திருத்த ஞாயிறு வருகிறது. அன்றைக்கு முழு முறைமையோடு ஒரு ஆராதனை, வாசிப்பது இதே இளையவர்கள் என்று போதகரிடம் ஒரு யோசனை வையுங்கள். 46ஆம் சங்கீதத்தை வைத்து லூத்தர் எழுதிய பாட்டையும் ஒரு கீர்த்தனையையும் நீங்களே சனிக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்துச் சொல்லிக் கொடுங்கள். கீர்த்தனையின் தாளம் ட்ரம்ஸ் பொடியனுக்கு முதலில் பிடிபடாது. தபேலா தெரிந்த யாரையாவது கூட்டி வந்து பக்கத்தில் இருத்துங்கள். பெறாமகன் எந்தக் கீர்த்தனையைத் தெரிவுசெய்தான் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.