தாளிக்க எது, பொரிக்க எது?

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: “வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். என் மாமியார் செக்கு நல்லெண்ணெயைத் தவிர வேறு எதையும் அடுக்களைக்குள் சேர்க்க மாட்டார்கள். கணவருக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 148 என்று வந்ததிலிருந்து, சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறும்படி எல்லோரும் சொல்கிறார்கள். அன்றாடச் சமையலுக்கு எந்த ஒரே எண்ணெயை வாங்கலாம்?”

உங்கள் மாமியாரின் நல்லெண்ணெய்மீது பழி போட இடமில்லை. எல்.டி.எல்.லை உயர்த்துவது முக்கியமாக நிறைவுற்ற கொழுப்பு. அது தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும், பாமாயிலில் பாதியளவும் இருக்கிறது; கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, நல்லெண்ணெயில் 15 சதவீத அளவு, சூரியகாந்தியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே நல்லெண்ணெயை விட்டுச் சூரியகாந்திக்கு மாறுவதால் பெரிய லாபம் இராது. ரேஷன் பாமாயிலில் பலகாரம் சுடும் வழக்கம் இருந்தால், அதை மாற்றுவதில்தான் லாபம். சொதி வைக்கும் நாளில் ஒரு முழுத் தேங்காயின் பாலும் எண்ணெய்க் கணக்கில் சேராமலே உள்ளே போய்விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பாக்கெட்டின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது.

அதைவிட முக்கியமானது அளவு. செக்கில் ஆட்டியதானாலும் ரீஃபைண்டு ஆனாலும் ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி, போதும். நால்வருக்கு மாதம் மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவாளியிலிருந்து தோசைக்கல்லில் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, ஒரு வாரம் மட்டும் தேக்கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். ஒரு தோசைக்கே இரண்டு தேக்கரண்டி போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவரும்.

இனி, ஒரே எண்ணெய் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். தாளிப்பு, குழம்பு, தோசை, இட்லிப்பொடி ஆகியவற்றுக்கு நல்லெண்ணெய் இருக்கட்டும். பொரிப்பது வேறு சங்கதி. வடையோ அப்பளமோ பொரியும் சட்டியில் சூடு 170, 180 டிகிரிக்குப் போகும். சுத்திகரிக்காத செக்கு எண்ணெய்கள் பலவும் அந்தச் சூட்டை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயோ சூட்டைத் தாங்கினாலும், அதில் பெரும்பங்காக உள்ள லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் திரும்பத் திரும்பச் சூடாகும்போது விரைவில் கெடும். எனவே பொரிப்பதற்கு ரீஃபைண்டு கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ வாங்கி, சிறிய இரும்புச் சட்டியில் தேவைக்கு மட்டும் ஊற்றுங்கள். எங்கள் வீட்டிலும் வடை சுட்ட எண்ணெயை எவர்சில்வர் தூக்கில் வடிகட்டி வைத்து, அடுத்த வெள்ளிவரை தாளிக்கும் வழக்கம் இருந்தது. கொட்ட மனம் வராது. ஒருமுறை பொரித்த தெளிந்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் பொரியலுக்குத் தீர்த்துவிடலாம். நிறம் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் நின்றால் கொட்டிவிடுங்கள். உணவுக்கடைகளில் இத்தகைய எண்ணெயைச் சோதிக்க, எண்ணெய் சூட்டில் கெடும்போது உண்டாகும் ‘மொத்த போலார் சேர்மங்கள்’ 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் நம் கண்ணும் மூக்கும்தான் கருவி.

செக்கு எண்ணெய் வாங்கும்போது செக்கைவிட, அதில் போடும் வித்தைக் கவனியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். ரீஃபைண்டு செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் ஆட்டி அப்படியே வடித்தால் எண்ணெயிலேயே தங்கக்கூடும். ஒரு கிலோ நல்லெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ எள் வேண்டும். ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டியும் கூலியும் தனி. எள்ளின் விலையை விசாரித்துக் கணக்குப் போட்ட பிறகும் எண்ணெய் மலிவாகக் கிடைத்தால், அதில் வேறு எதுவோ கலந்திருக்கிறது. முத்திரையில்லாமல் சில்லறையாக அளந்து தரும் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். வெளிச்சம் படாத அலமாரியில், ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு மாதம் ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு லிட்டர் கடலை எண்ணெய், அவியலுக்கும் சொதித் தாளிப்புக்கும் 200 மில்லி தேங்காய் எண்ணெய் என்று தொடங்கலாம். மூன்று மாதம் கழித்து உங்கள் கணவர் மறுபடி ரத்தம் பரிசோதித்து, அந்தச் சீட்டோடு மருத்துவரைப் பார்க்கட்டும். அவர் மாத்திரை எழுதினால், எண்ணெயை மாற்றியாயிற்றே என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.