நேர்க்கோட்டுச் சமன்பாட்டை அட்டவணை போடாமல் வரைய முடியுமா?

முடியும், தாராளமாக. உங்கள் பிள்ளை படிவம் 3 (மலேசிய இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு) என்று நினைக்கிறேன். பள்ளியில் ஒரு மாதிரி, டியூஷனில் ஒரு மாதிரி சொல்லிக் குழப்பியிருப்பார்கள். நான் வாத்தியார் இல்லை. பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். 'இவன் என்ன கணக்குச் சொல்ல வந்துட்டான்' என்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

ஒய் = எம்எக்ஸ் + சி என்று இருந்தால், சி எவ்வளவோ அங்கே ஒய் அச்சில் முதல் புள்ளி. எம் என்பது சாய்வு. அதைப் பின்னமாக எழுதி, கீழ் எண் அளவுக்கு வலப்பக்கம் போய், மேல் எண் அளவுக்கு ஏறினால் அடுத்த புள்ளி. கழித்தல் குறி இருந்தால் இறங்க வேண்டும். ஒய் = −(2/3)எக்ஸ் + 4 என்றால் 4-இல் தொடங்கி வலப்பக்கம் 3, கீழே 2. இதே கோடு 2எக்ஸ் + 3ஒய் = 12 என்று வந்தால் இன்னும் லேசு: எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் 4, ஒய்க்கு 0 போட்டால் எக்ஸ் 6. இரண்டையும் சேருங்கள்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அளவுத்திட்டத்தில்தான். ஒரு அச்சில் 2 செ.மீ.க்கு 1, இன்னொன்றில் 2 செ.மீ.க்கு 5 என்று இருக்கும்போது கட்டத்தை எண்ணிக்கொண்டு ஏறிவிடுவார்கள். அச்சில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏற வேண்டும். (கேள்வியிலேயே 'அட்டவணையை நிரப்புக' என்று இருந்தால் நிரப்பத்தான் வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. என்மேல் பாயாதீர்கள்.)

ஒரு முறை, பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்று தப்பாகக் காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். 0 முதல் 10 பார் வரையிலான அழுத்தத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியர் கரண்டாக அனுப்பும் கருவி. அழுத்தம் எக்ஸ், கரண்ட் ஒய் என்று வைத்தால் அதன் கோடு ஒய் = 1.6எக்ஸ் + 4. ஏன் 4-இல் தொடங்குகிறது என்றால், 0 வந்தால் ஒயர் அறுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். புதிதாக வந்த இஞ்சினியர் தம்பி, "அண்ணே, போயிருச்சு, புதுசு மாத்திடலாம்" என்றார். நான் அளந்து பார்த்தேன்: 0 பாரில் 4.4, 5-இல் 12.4, 10-இல் 20.4. ஒர்க் ஆர்டர் தாளின் பின்பக்கம் இருக்க வேண்டிய கோடு, அளந்த கோடு இரண்டையும் வரைந்து காட்டினேன். தண்டவாளம் மாதிரி ஒன்றுக்கொன்று இணையாகப் போயின. "தம்பி, சாய்வு அப்படியே இருக்கு, சி மட்டும்தான் 0.4 ஏறியிருக்கு. ஜீரோவைச் சரி பண்ணினா போதும்." சாய்வும் மாறியிருந்தால் ஸ்பேனையும் (கருவியில் சாய்வைத் திருத்தும் அமைப்பு) தொட்டிருக்க வேண்டும். ஜீரோவை மட்டும் இறக்கினேன், மூன்று அளவும் கோட்டில் வந்து உட்கார்ந்தன.

ரிப்போர்ட்டில் தம்பி பெயர்தான் போனது. அது கிடக்கட்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் டெக்னீஷியன்தானா?" அவர்கள் வீட்டு ஏர்கான் கெட்டுப்போனால் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு என் நம்பர் ஞாபகம் வரும். ஏர்கான் என் வேலையே இல்லை!

ஒன்றை விட்டுவிட்டேன். எக்ஸ் = 3 என்று மட்டும் வந்தால் சாய்வைத் தேட வேண்டாம். 3-இல் நிமிர்ந்து நிற்கும் கோடு அது, எம் கிடையாது.