படுக்கை எண் அடையாளம் ஆகாது

உங்கள் மருத்துவமனையில் பெயருடன் படுக்கை எண்ணை வைத்து நோயாளியை அடையாளம் காண்பதை, மாதிரித் தணிக்கையில் (உண்மையான ஆய்வுக்கு முன் நடத்தும் ஒத்திகையில்) குறையாக எழுதியது சரியா என்று கேட்கிறீர்கள். படுக்கை எண்ணை நோயாளியின் இரண்டாவது அடையாளமாகக் கொள்ள முடியாது; மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் பன்னாட்டு அமைப்பான ஜேசிஐயின் (JCI) பன்னாட்டு நோயாளி பாதுகாப்பு இலக்குகளில் முதலாவதே, அறை எண்ணோ இருப்பிடமோ அல்லாத 2 அடையாளங்களைக் கேட்பதால், அதைக் குறையாக எழுதியது சரிதான். பெயருடன் பிறந்த தேதியையோ மருத்துவமனைப் பதிவெண்ணையோ வையுங்கள்.

படிவத்தை மாற்றிய பிறகும் குறை வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் கேட்கும் விதமே காரணமாக இருக்கும். "நீங்கள்தானே செல்வி?" என்றால், அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாராயினும் தலையாட்டிவிடுவார்.

ஓர் இரவுப் பணியில் மருந்து வண்டியருகே நின்று பாருங்கள்: செவிலியர் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, விடையை நோயாளியின் அடையாளம் எழுதிய கைப்பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் ஒப்பிடுகிறாரா, தலைமாட்டு எண்ணைப் பார்த்தே ஊசி போடுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

நினைவிழந்தவர்களிடமும் பச்சிளங் குழந்தைகளிடமும் இக்கேள்வி செல்லாது. அங்கே கைப்பட்டையே சான்று என்பதால், ஊசிக்குழாய் பொருத்தக் கழற்றிய பட்டையை உடனே மறுகையில் கட்ட வேண்டும். மேசையில் கிடக்கும் பட்டை யாருக்கும் உரியதல்ல.