செருப்பு வாங்குவதற்கும் பாலாற்றுக்கும் என்ன தொடர்பு?

"நுகர்வைக் குறைக்காமலே இயற்கை வளத்தைக் காக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும், ஆனால் விலை ஏறும். வேலூர்க்காரனான எனக்குப் பாலாறுதான் உதாரணம்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வெளிநாடுகளுக்கும் போகிறது. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பைத் தூவி அடுக்குவார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. தோலைப் பதனிட அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, பின்னாளில் குரோமியம் என்ற உலோகம் கலந்த ரசாயனம். எல்லோரும் குரோமியத்தையே திட்டுகிறார்கள். அதையாவது காரம் சேர்த்துக் கீழே படிய வைத்துவிடலாம். கரைந்த உப்பு படியாது, கழிவுநீரோடு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கிவிடும். கிணற்று நீர் கரிப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டி வேண்டும், மிச்ச நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். மின்கட்டணம் எகிறும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீட்டோடு நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அந்தச் செலவு நியாயமாகச் செருப்பின் விலையில் சேர வேண்டும். சேராதவரை அதைக் கட்டுவது கரிப்புத் தண்ணீரில் நெல் கருகிப்போன விவசாயி.

ஆற்று மணலும் இதே கதைதான். வறண்டு தெரியும் பாலாற்றில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த மணல். அதை அள்ளி வீடு கட்டிவிட்டு, அதே வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறும் தோண்டுகிறோம்!